மதியத்துக்கு மேல் சும்மாதானே இருக்க?

அரை நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மாமியாருக்குக் கண்ணாஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நாத்தனார் மகளுக்குச் சடங்கு, ஜவுளி எடுக்கத் துணைக்கு ஆள் வேண்டும். எதிர்வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வரும், வாங்கி வைக்க வேண்டும். எல்லாமே நியாயமான வேலைகள்தான். ஆனால் எல்லாமே மதியம் இரண்டுக்கும் நாலேகாலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரக் கடைசியில் பார்த்தால் சம்பளம் பாதி, வேலை முழுசு, பிள்ளைகளோடு நிதானமாக உட்காரவில்லை, தோழியின் மிஸ்டு கால் திருப்பி அழைக்காமல் அப்படியே கிடக்கும்.

நான் மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். காலை பத்திலிருந்து ஒன்றரை வரை. வீடு திருநகரில். கணவருக்குக் கப்பலூரில் ஷிஃப்ட் வேலை. மகள் ஏழாவது, மகன் இரண்டாவது. மாமியார் உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். நான் சொல்லப்போவது ஏறக்குறைய இந்த மாதிரி அமைப்புள்ள வீடுகளுக்குப் பொருந்தும். பெரியவர்கள் கூடவே இருக்கும் வீடு வேறு மாதிரி ஓடும். தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

நேரத்தைச் சமமாகப் பங்கு போடப் பார்க்காதீர்கள், தேதி போடுங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். வேலைக்குக் கெடு தேதி இருக்கிறது, கல்யாணத்துக்கு முகூர்த்தம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை அட்டவணை இருக்கிறது. தேதியே இல்லாமல் இருப்பவை இரண்டு: வீட்டோடு கழிக்கும் ஞாயிறு, அப்புறம் தோழிகள். அதனால்தான் அவை முதலில் காணாமல் போகின்றன.

வேலை எப்போது இறுக்கும், எப்போது தளரும்

உங்கள் வேலைக்கு மாதத்தில் ஒரு இறுக்கமான காலமும் ஒரு தளர்வான காலமும் கட்டாயம் இருக்கும். அதை முதலில் கண்டுபிடியுங்கள். என் வேலையில் அது வெளிப்படை. 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து வைத்த வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அது வியாபாரிகளின் விற்பனைக் கணக்கு. 15-ஆம் தேதி பிஎஃப்பும் இஎஸ்ஐயும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அது ஜிஎஸ்டி வரியைக் கட்டிக் காட்டுகிற மாதக் கணக்கு. ஆக, 5-லிருந்து 20 வரை தலை நிமிர முடியாது. 21-லிருந்து மாதக் கடைசி வரை அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்கும். வருடக் கணக்கில் பார்த்தால் ஜூலையும் செப்டம்பரும் மோசம். சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31, வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30. சில வருடங்களில் கெடுவைத் தள்ளி வைப்பார்கள். அதை நம்பி யாரும் காதுகுத்துக்கு நாள் குறிக்க முடியாது.

ஜவுளிக்கடையில் இருந்தால் ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் இறுக்கம். அழகுக்கலை வேலை என்றால் முகூர்த்த நாள்தான் இறுக்கம், மற்றவர்கள் விசேஷத்துக்குக் கிளம்பும்போது உங்களுக்கு அது வேலை நாள். டியூஷன் எடுப்பவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. எதுவாக இருந்தாலும் கெடு தேதிகளைச் சுவரில் மாட்டுகிற மாதக் காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள். போனில் குறித்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் இருந்தால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்து வருகிற மாமியாருக்கும் தெரியும். "அம்மாவுக்கு இருபது வரைக்கும் சிவப்பு" என்று என் மகன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறான். அது நான் சொல்வதைவிட நன்றாக வேலை செய்கிறது.

இறுக்கமான நாட்களில் வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், தளர்வான நாட்களில் அலுவலகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பல் டாக்டர், வங்கி, மாமியாரின் கண் பரிசோதனை, சினிமா, தோழி வீடு எல்லாம் எனக்கு 21-க்குப் பிறகுதான்.

முதலாளியிடம் பேசுவது

"அரை நாள்" என்று பொதுவாகப் பேசி வேலைக்குச் சேர்ந்தால் அது மெல்ல முக்கால் நாள் ஆகிவிடும். கிளம்பும் நேரத்தைச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். "ஒன்றரைக்குக் கிளம்பினால்தான் பெரியார் நிலையத்தில் பஸ் பிடித்து, பிள்ளைகள் வருவதற்கு முன் வீடு சேர முடியும்" என்று சொன்னால் அது முறைப்பாகத் தெரியாது, ஏற்பாடாகத் தெரியும். கூடவே நீங்களும் ஒன்று கொடுங்கள். 18, 19, 20 மூன்று நாளும் மாலை வரை இருக்கிறேன், அதற்குப் பதில் 21-க்குப் பிறகு அந்த மணிகளை எடுத்துக்கொள்கிறேன் என்பது எங்களுக்குள் இருக்கிற பேச்சு. வாயால் பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பி வைத்துவிடுங்கள். சண்டைக்கு ஆதாரம் சேர்க்க இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்குமே ஞாபகம் வேறு வேறாக இருக்கும்.

இந்த மூன்று நாள் மாலையில் பிள்ளைகள் எங்கே என்பதையும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மகனுக்கு நான் சனிக்கிழமை கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். காசு கொடுத்தால் அவர் வாங்க மாட்டார், வாங்கினாலும் இருவருக்கும் ஒரு மாதிரி இருக்கும். வேலைக்கு வேலை என்றால் யாருக்கும் கூச்சம் இல்லை.

அடுத்தது வாடிக்கையாளர்கள். வியாபாரிகள் நல்லவர்கள், ஆனால் 19-ஆம் தேதி ராத்திரி எட்டரைக்கு "மேடம், ஒரு கட்டு பில்லு விட்டுப்போச்சு" என்று ஆரம்பிப்பார்கள். இதற்கு மருந்து உபதேசம் இல்லை, காசுக் கணக்கு. 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. இதை மாதா மாதம் 1-ஆம் தேதி ஒரு குரல் செய்தியாக எல்லோருக்கும் அனுப்பி, "விற்பனை பில் 8-க்குள், கொள்முதல் பில் 12-க்குள்" என்று சேர்த்துச் சொல்கிறேன். இப்போது பெரும்பாலோர் ஒழுங்காகத் தருகிறார்கள். ஒரு எண்ணெய்க் கடைக்காரர் மட்டும் மாறவே இல்லை. அவருக்காக 19 மாலையைக் காலியாக வைத்துவிடுவதே மலிவு.

இறுக்கமான காலம் தவிர மற்ற நாட்களிலும் அடிக்கடி மூன்று மணி ஆகிறது என்றால், நேரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள். நேரம் தானாகச் சரியாகிவிடும்.

இரண்டு மணிக்கும் நாலேகாலுக்கும் நடுவில்

இந்த இரண்டேகால் மணி நேரம்தான் சொத்து. பத்திரம் போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு நாள் மதியத்துக்கும் ஒரு பெயர் வையுங்கள். எனக்குத் திங்கள் ரேஷன், வங்கி, கரண்ட் பில் போன்ற வெளிவேலை. செவ்வாய் தூக்கம். ஆமாம், தூக்கம், அதற்கும் பெயர் உண்டு. புதன் துணி மடிப்பது, மாவு அரைப்பது, பிள்ளைகளின் நோட்டு பார்ப்பது. வியாழன் மற்றவர்களுக்காக. வெள்ளி எனக்காக, பெரும்பாலும் ஒரு தோழிக்காக.

வியாழனை மற்றவர்களுக்கு என்று வைத்ததுதான் இதில் முக்கியமானது. நம் பக்கத்தில் "முடியாது" என்ற பதிலுக்கு இடம் இல்லை. சொன்னால் அது ஆறு பேர் வாயில் ஏறி, தீபாவளிக்கு வேறு வடிவத்தில் திரும்பி வரும். ஆனால் "செவ்வாய் வேணாம் மதினி, வியாழக்கிழமை வாரேன், ரெண்டரைக்கு ரெடியா இருங்க" என்று சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பாதி வேலைகள் வியாழன் வருவதற்குள் அவர்களே முடித்துவிடுவார்கள் என்பது கூடுதல் லாபம்.

ஞாயிறும் விசேஷமும்

வார இறுதியைக் குடும்பத்தோடு கழிப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் மதுரையில் வாழ்ந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இங்கே ஞாயிறு பாதி சொந்தக்காரர்களுடையது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, வீடு பால்காய்ச்சு, குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. தை, வைகாசி, ஆவணியில் ஒரே ஞாயிறில் மூன்று பத்திரிகை வரும். இதைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நமக்கு ஒன்று என்றால் நிற்கப்போவதும் இவர்கள்தான்.

பத்திரிகை வந்ததும் பேசாமல் மொய் நோட்டை எடுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு யார் வந்தார்கள், யார் வந்து முன்னின்றார்கள், யார் மொய் மட்டும் கொடுத்துவிட்டார்கள் என்று அதில் தெரியும். அதை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். இருவரும் பிள்ளைகளோடு போக வேண்டியது: தாய்மாமன் முறை செய்ய வேண்டிய இடம், உடன்பிறந்தவர்கள் வீடு. ஒருவர் போனால் போதும் என்பது: பெரும்பாலான பத்திரிகைகள் இங்கேதான் விழும். மொய் கொடுத்துவிட்டால் போதும் என்பது: கணவரின் கம்பெனியில் வேறு பிரிவில் இருப்பவரின் மச்சினன் கல்யாணம். கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்கு மட்டும் இந்தப் பிரிவெல்லாம் கிடையாது. போய்விட வேண்டும், அன்றைக்கே போய்விட வேண்டும். கல்யாணத்துக்கு வராதவர்களை மறந்துவிடுகிறார்கள், கேதம் கேட்க வராதவர்களை மறப்பதில்லை.

ஒருவர் போனால் போதும் என்ற வகையில், காலை முகூர்த்தத்துக்குப் போவதா, முந்தின நாள் மாலை வரவேற்புக்குப் போவதா என்று ஒரு கேள்வி வரும். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கே போங்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்டு ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கலாம், ஞாயிறு முழுசாக மிச்சம். வரவேற்பு என்றால் பிள்ளைகளைக் கிளப்பி, போட்டோ வரிசையில் நின்று, பந்திக்குக் காத்திருந்து, சனிக்கிழமை மாலையும் போய், ஞாயிறு காலையும் ஒன்பது வரை தூக்கத்தில் போகும்.

இனி காலண்டரின் மறுபக்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புரட்டாசியிலும் பலர் தவிர்ப்பார்கள். இந்த மாதங்களின் ஞாயிறுகளை வருடத் தொடக்கத்திலேயே உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆடியின் முன்பாதி வருமான வரிக்குப் போய்விடும். ஆகஸ்ட் பிறந்த பிறகு வரும் இரண்டு ஆடி ஞாயிறுகள்தான் தங்கம். அப்புறம் மார்கழி. அரையாண்டு விடுமுறை அதற்குள் வந்துவிடுவதால் வெளியூர் போவதென்றால் அதுதான் சமயம். மாசி மகா சிவராத்திரி குலதெய்வத்துக்கு. அதைப் பற்றி விவாதமே வேண்டாம், ஊரில் போய் இருந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு அது சுற்றுலாவைவிடப் பெரிய கொண்டாட்டம்.

குடும்பத்துக்கு அரை நாள் போதும்

முழு நாள் வெளியே போக வேண்டும் என்று நினைப்பதால்தான் பல வீடுகளில் எங்கேயும் போவதே இல்லை. வைகை அணைக்குப் போவது என்றால் வண்டி, சாப்பாடு, அலைச்சல் என்று மறுநாள் திங்கட்கிழமையும் சேர்ந்து கெடும். வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

எங்களுக்குப் பழகிப்போனது கீழக்குயில்குடி. காலை ஆறரைக்கெல்லாம் சமணர் மலை அடிவாரத்தில் இருக்க வேண்டும். தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். வெயில் ஏறுவதற்கு முன் பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்கலாம். அந்தப் பக்கத்தில் செட்டிப்புடவு குகையிலும் தீர்த்தங்கரர் சிற்பம் பெரிதாக இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது என்று மகளிடம் சொன்னால், "அப்ப மீனாட்சி கோயில் கோபுரத்தைவிடப் பழசா?" என்று கேட்டாள். ஆமாம், இப்போது நிற்கிற பெரிய கோபுரங்களைவிடப் பழசுதான். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்குத் திரும்பிவிடலாம். எட்டரைக்கு மேல் பாறை சுடத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோடை மதியத்துக்கு நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, குளுகுளுவென்று இருக்கும், செலவு பஸ்ஸுக்கும் திரும்பும்போது வாங்குகிற தீனிக்கும்தான். மாலை என்றால் வண்டியூர் தெப்பக்குளம். சுற்றுச்சுவரில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் பொரி, பானிபூரி என்று அலைவார்கள்.

கணவருக்குச் சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் வருகிற வாரங்களில் ஞாயிறு மதியம் வரை அவர் தூங்குவார். அந்த வாரம் காலை வெளியே போவது நானும் பிள்ளைகளும் மட்டும். நாலு பேரும் சேர்ந்தால்தான் குடும்பம் என்று காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். மாலை நாலு மணிக்கு மேல் அவர் முறை. சைக்கிள் செயின் மாட்டுவது, பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ், திருப்பரங்குன்றம் வரை ஒரு நடை. பிள்ளைகள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையைத் தின்பது வெளியூர்ப் பயணம் இல்லை, கறிக்குழம்பு. காலையில் கறிக்கடை வரிசை, மதியம் வரை அடுப்படி, பிறகு பாத்திரம், சட்டியில் மிஞ்சியதற்கு இரவு தோசை. எங்கள் வீட்டு ஏற்பாடு: கறி வாங்குவது அவர், இஞ்சி பூண்டு உரிப்பது பிள்ளைகள், சமைப்பது நான், பாத்திரம் மறுபடி அவர். ஞாயிறு இரவு அடுப்பு எரியாது. குழம்பு மிச்சம் இருந்தால் கடையில் புரோட்டா வாங்கி அதையே ஊற்றிக்கொள்வோம், இல்லையென்றால் சால்னாவும் அங்கேயே. இதற்கு மாமியார் முகம் சுளித்தார். பிறகு அவருக்கும் அந்த சால்னா பிடித்துவிட்டது.

தோழிகள்

ஆண்களுக்கு இந்தப் பகுதியே தேவைப்படாது. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் இறங்கினால் அங்கே நாலு பேர் இருப்பார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் அனுமதி கேட்கவில்லை, பதினைந்து நிமிடத்தில் ஒரு வாரத்துக்கான பேச்சு முடிந்துவிடும். பெண்கள் சும்மா சந்திக்க நம் தெருவில் ஓர் இடம் கிடையாது. ஒரு சாக்கு வேண்டும். சரி, சாக்கு வைத்துக்கொள்வோம்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி இங்கேயே மதுரை அண்ணா நகரில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் மாத மளிகையைக் கீழமாசி வீதியில் சேர்ந்து வாங்குகிறோம். சம்பளம் வந்த முதல் வாரம் எனக்கு ஆகாது என்பதால் அவள் தன் வீட்டு மளிகையை 21-க்குப் பிறகு மாற்றிக்கொண்டாள். பருப்பு, மிளகாய் வற்றல், புளி எல்லாம் மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் விலையும் குறைகிறது. இடையில் ஒரு தகவல், கணக்குக்காரி என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடையில் அரிசி மூட்டை 26 கிலோவாக இருக்கிறதே, ஏன் தெரியுமா? 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயர் ஒட்டிய பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒரு கிலோ கூட்டினால் வரி இல்லை. அந்த ஒரு கிலோவை யார் வீட்டுக்கு என்று நாங்கள் மாதா மாதம் சண்டை போடுவோம். மூட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் நடந்து போய் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. மழைக்காலம் என்றால் பருத்திப்பால். அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் இவ்வளவு பருப்பும். வீட்டில் இது மளிகை வாங்கப் போன கணக்கில் எழுதப்படும், யாருக்கும் கேள்வி இல்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்குக் குரல் செய்தி. பெரியாரிலிருந்து திருநகர் வரும் டவுன் பஸ்ஸில் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. நானோ ஜன்னல் சீட்டு கிடைக்கும் வரை ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவேன். திருப்பூரில் இருப்பவளுக்கு ஒரு நாள், சென்னையில் இருப்பவளுக்கு ஒரு நாள். பஸ்ஸில் பேச முடியாததை மட்டும் வெள்ளி மதியத்துக்கு வைக்கிறேன். சமைத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிப் பேசுவதை நிறுத்திவிடுங்கள். குழம்பும் கெடும், அவள் சொன்னது பாதி காதில் விழாது, அது அவளுக்குத் தெரியும்.

வெளியூர்த் தோழிகளை வருடத்தில் ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் சித்திரைத் திருவிழாவைப் பிடியுங்கள். எப்படியும் அம்மா வீட்டுக்கு வருவார்கள். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் யாரையும் சந்திக்க முயலாதீர்கள். கூட்டத்தில் போன்கூட எடுக்காது. அதற்கு அடுத்த நாள், யாராவது ஒருத்தி வீட்டு மொட்டை மாடி, கடையில் வாங்கிய சாப்பாடு. சமைக்கக் கூடாது என்பது விதி. ஒருத்தி சமைத்தால் அவள் அடுப்படியில் நிற்பாள், நாம் அவள் மாமியாரோடு பேசிக்கொண்டிருப்போம்.

பள்ளிக்கூட வாசலில் பார்க்கும் அம்மாக்களைச் சிலர் வெறும் பழக்கம் என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வருவது திருப்பூர்க்காரி இல்லை, அடுத்த தெருக்காரிதான். இவர்களோடு தனியாகச் சந்திப்பு எதுவும் தேவையில்லை. பத்து நிமிடம் முன்னால் போய் வாசலில் நின்றால் போதும்.

பண விஷயத்தில் ஒன்று கறாராகச் சொல்கிறேன். தோழியோடு சீட்டுப் போடாதீர்கள். அவள் பிடிக்கிற சீட்டிலும் சேராதீர்கள், நீங்களும் பிடிக்காதீர்கள். கணக்கு எழுதிப் பிழைப்பவள் சொல்கிறேன், எவ்வளவு நேர்மையானவளாக இருந்தாலும் ஒரு மாதம் தள்ளிப்போனால் அதற்குப் பிறகு சிரிப்பில் ஒரு இடைவெளி வரும். ஜிகர்தண்டாவுக்கு இந்த மாதம் அவள், அடுத்த மாதம் நான். அதற்கு மேல் காசு வேண்டாம். வீட்டுச் செலவில் மொய்க்கு என்று ஒதுக்குவது போல இதற்கும் சின்னத் தொகை தனியாக ஒதுக்கி வைத்தால் ஒவ்வொரு தடவையும் பர்ஸைப் பார்த்துக் கூசத் தேவையில்லை.

அப்புறம், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகள் முழுக்க அப்பா பொறுப்பு. இதைக் கெஞ்சிக் கேட்காதீர்கள், பண்டமாற்றாகப் பேசுங்கள். பொங்கலுக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் என் வீட்டுக்காரர் சேக்காளிகளோடு ஜல்லிக்கட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. காலண்டரில் மட்டும் குறித்து வைக்கிறேன். மூன்று முழு நாள் என்றால் ஆறு மாலை. ஜூன் வரைக்கும் பேச்சே இல்லை.

எல்லாம் ஒரே நாளில் வந்து மோதும்போது

மோதும். 20-ஆம் தேதி முகூர்த்தம், மகனுக்குக் காய்ச்சல், தோழி ஊருக்கு வந்திருக்கிறாள். பிள்ளை முதலில், கெடு தேதி அடுத்தது, கல்யாணத்துக்குக் கணவர் போவார், தோழிக்குப் போன். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் தோழியிடம் "அப்புறம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தள்ளிவைக்கும் அதே பேச்சில் அடுத்த தேதியைச் சொல்லி, அப்போதே காலண்டரில் எழுதுங்கள். இரண்டாவது தடவை அவளைத் தள்ளிவைக்க வேண்டி வந்தால் அந்தத் தடவை கல்யாணத்தைத் தள்ளுங்கள். கல்யாணத்தில் எழுநூறு பேர் இருப்பார்கள்.

கோடை விடுமுறை

அரை நாள் வேலைக்காரிக்கு வருடத்தில் கஷ்டமான காலம் இதுதான். பள்ளிக்கூடம் இல்லை, அலுவலகம் உண்டு. முதல் பகுதிக்குப் பிள்ளைகள் அப்பத்தா வீட்டுக்கு. கிணறு, ஆட்டுக்குட்டி, பதநீர் என்று அவர்களுக்குப் பொழுது போதாது. அடுத்த பகுதி அம்மாச்சி வீடு. மீதி நாட்களுக்குப் பிள்ளை மாற்று: திங்கள், செவ்வாய் அண்ணா நகர்க்காரி பிள்ளைகள் என் வீட்டில், வியாழன், வெள்ளி என் பிள்ளைகள் அவள் வீட்டில். அவளுக்கும் அரை நாள் வேலைதான், ஆனால் மதியத்துக்கு மேல். என் வீட்டில் காலையில் என் கணவரோ பக்கத்து வீட்டு அக்காவோ இருப்பார்கள், ஷிஃப்டைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்வோம்.

இதைத் தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை முகத்துக்கு நேராகப் பேசிவிடுங்கள். போன் எவ்வளவு நேரம், அடம்பிடித்தால் யார் அதட்டலாம், ஐஸ்கிரீம் வண்டி வந்தால் யார் காசு. மற்றதெல்லாம் போகப் போகச் சரியாகும். பிள்ளைகளை அனுப்பும்போது மாற்றுடுப்பும் துண்டும் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்புங்கள். கொய்யாப்பழமோ முறுக்கோ ஏதாவது தின்பண்டம் கொடுத்துவிடுவதாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணிக் கொடுங்கள், ஒன்று குறைந்தால் அன்றைக்கு அவள் வீட்டில் நடப்பதை அவள் உங்களிடம் மாலையில் சொல்வாள்.